வேலிக்கு இந்தப் பக்கம் சவர், அந்தப் பக்கம் நல்ல தண்ணீர்

கேள்வி

ஐயா, எங்களுக்கு நீர்வேலியில் எட்டுப் பரப்புத் தோட்டம். கிணறு அப்பப்பா காலத்தது, 26 அடி, பாதிக்குக் கீழே கல்லு வெட்டி இறக்கினது. துலா போய், மண்ணெண்ணெய் மெசின் வந்து, இப்போது இரண்டு குதிரைவலு கரண்ட் மோட்டர். மூன்று வருசமாகச் சித்திரை பிறந்தால் தண்ணீர் சவர்க்கத் தொடங்குகிறது. போன வைகாசியில் வெங்காயத் தாளின் நுனியெல்லாம் கருகிவிட்டது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளிப் பெரியம்மா வீட்டுக் கிணறு. அதில் ஆடி மாதத்திலும் தேத்தண்ணிக்கு அள்ளலாம். குழாய் இறக்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, நிலவரைக்குப் போற ஆறு இதுக்குக் கீழாலதான் ஓடுது. கிணத்துக்குள்ள இன்னும் முப்பது அடி இறக்கினால் நல்ல தண்ணி கிடைக்கும்" என்கிறார். இறக்கலாமா? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற மகள் வேறொன்று கேட்கிறாள்: "குழாயில் தண்ணீர் ஓடுவதற்குச் சமன்பாடு இருக்கிறது, கல்லுக்குள் ஓடுவதற்கும் இருக்கிறதா?" மண்ணுக்குள்ளும் கல்லுக்குள்ளும் நீர் ஓடுவதைத்தான் நீங்கள் ஆராய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு எழுதுகிறோம்.

– ஒரு தோட்டக்காரர், நீர்வேலி

பதில்

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: குழாய் இறக்க வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்துங்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும். மகளையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள், ஏனென்றால் அவர் கேட்டதற்குள்ளேதான் நீங்கள் கேட்டதற்கும் விடை இருக்கிறது.

சமன்பாடு இருக்கிறது. அதைக் கண்டவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். டிஜோன் என்ற தன் ஊருக்கு 1840-இல் 12 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்தவர் அவர். பிற்காலத்தில் அந்த ஊர் வைத்தியசாலை முற்றத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதற்குள் மணலை நிரப்பி, மேலிருந்து தண்ணீரை அமுக்கி, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். மேலுக்கும் கீழுக்கும் உள்ள அமுக்க வித்தியாசத்தை இரட்டித்தால் தண்ணீரும் இரட்டித்தது. மணற்படையின் நீளத்தை இரட்டித்தால் தண்ணீர் பாதியானது. 1856-இல் அவர் அச்சிட்ட புத்தகத்தின் பின்னிணைப்பில் கிடந்த இந்தச் சின்ன விதிதான் இன்றைக்கு நிலத்தடி நீர், எண்ணெய்க் கிணறு, அணைக்கட்டுக் கசிவு எல்லாவற்றுக்கும் அடித்தளம். நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டங்களின் வித்தியாசம் சொல்லும். எவ்வளவு சுலபமாகப் போகும் என்பதை அந்த மண் சொல்லும். மணற்காட்டு மணலில் வாளித் தண்ணீரை ஊற்றினால் கண் மூடித் திறக்கமுன் மறைந்துவிடும். வயற்களியில் ஊற்றினால் அடுத்த நாளும் கிடக்கும். விதி ஒன்றுதான், மண்ணின் எண்தான் வேறு.

உங்கள் கிணறு மணலில் இல்லை, சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. மயோசீன் காலத்தில், கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. கிணறு வெட்டி எறிந்த கல்லைப் புரட்டிப் பார்த்தால் சிப்பியின் வரி இன்னும் தெரியும். இந்தக் கல்லுக்கு ஒரு குணம்: மழைத்தண்ணீரில் கரையும். மழை விழும்போது காற்றிலிருந்தும், செம்மண்ணுக்குள் இறங்கும்போது வேர்கள் விடும் மூச்சிலிருந்தும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது, அப்படிக் கரைந்துபோன கல்தான்.

இனி மகளுக்கான பகுதி. கல்லில் ஒரு மயிரிழை வெடிப்பு இருக்கிறது, அகலம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று என்று வைப்போம். பக்கத்தில் இன்னொரு வெடிப்பு, அது முழு ஒரு மில்லிமீற்றர். அகலம் பத்து மடங்கு. இரண்டுக்கும் அமுக்க வித்தியாசம் ஒன்றே என்றால், பெரிய வெடிப்பில் தண்ணீர் எத்தனை மடங்கு ஓடும்? பத்து என்று சொல்லத் தோன்றும். விடை ஆயிரம். வெடிப்பில் ஓடும் நீர் அகலத்தின் மூன்றாம் அடுக்கின்படி கூடுகிறது. அதுவே குழாய் போன்ற துளையாக இருந்தால் ஆரையின் நான்காம் அடுக்கு, அதாவது பத்து மடங்கு பெரிய துளையில் பத்தாயிரம் மடங்கு. குழாய்க்கு நீங்கள் படிக்கிற புவாசேயின் சமன்பாடேதான் கல்லுக்குள்ளும் வந்து நிற்கிறது, பிள்ளை. சுவரோடு ஒட்டிய நீர் அசைய மறுக்கிறது, நடுவிலுள்ள நீர்தான் ஓடுகிறது. சுவர்கள் விலக விலக நடு பெருக்கிறது.

இதோடு கரைதலையும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சம் அகலமான வெடிப்பு அதிக நீரை இழுக்கிறது. அதிக நீர் அதிகக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு இன்னும் அகலமாகிறது. பக்கத்து மயிரிழை அப்படியே கிடக்க, ஒன்றிரண்டு வெடிப்புகள் மட்டும் கைநுழையும் அளவுக்கும் ஆள்நுழையும் அளவுக்கும் வளர்ந்துவிடுகின்றன. சில இடங்களில் மேற்கூரை தாங்காமல் நிலம் உள்ளே இருந்துவிடுகிறது. நிலவரைக் கிணறு அப்படி வந்ததுதான். இராமர் அம்பு விட்டு எடுத்த தண்ணீர் என்ற கதையைப் பாட்டி சொல்லக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அந்தக் கதையின்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. ஆனால் அங்கே ஆறு ஓடவில்லை. ஒன்றோடொன்று தொடுத்த பெரிய துளைகள் இருக்கின்றன. மோட்டர் வைத்து இறைத்தாலும் மட்டம் இறங்குவதில்லை என்பார்கள். உண்மைதான். நாலு பக்கத்து வலயத்திலிருந்தும் தண்ணீர் தடையில்லாமல் வந்து அந்தக் குழியை நிரப்பிவிடுகிறது. மட்டம் இறங்காததை வைத்து நல்ல தண்ணீர் குறையவில்லை என்று எண்ணுவதுதான் ஆபத்து. நிலவரையில் மேலே நன்னீர், ஆழத்துக்குப் போனால் உப்புநீர். உங்கள் குழாய்க்காரர் சொல்லும் "கீழால ஓடுற ஆறு" வரையும் இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது அந்த உப்புநீர்தான்.

ஏன் கீழே உப்பு? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். கல்லுக்குள் இறங்கிய அந்த மழைதான் எங்களுடைய முழு முதல். மூன்று பக்கமும் கடல், நடுவே வடமராட்சிக் கடல்நீரேரி, உப்பாறு. கடல்நீரும் அதே கல்லின் துளைகளுக்குள் உள்ளே வந்திருக்கிறது. அது பாரமானது, நன்னீர் 40 பங்கு கனத்தால் கடல்நீர் 41 பங்கு கனக்கும். ஆகவே நன்னீர் அதன்மேல் மிதக்கிறது, கறிக்கு மேல் எண்ணெய் மிதப்பதுபோல. 41 அடி உயர நன்னீர்த் தூணும் 40 அடி உயர உப்புநீர்த் தூணும் தராசில் சமன். கணக்கு அங்கிருந்து வருகிறது: கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிக்கு நன்னீர். ஒல்லாந்தரான பாடொன் கைபென் 1880-களின் இறுதியிலும், ஜெர்மன்காரரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தங்கள் தங்கள் கடற்கரைகளில் இதைக் கண்டார்கள்.

நாற்பதை அப்படியே திருப்பிப் பிடியுங்கள். இறைத்து மட்டத்தை ஓரடி நிரந்தரமாக இறக்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வந்து நிற்கும். உடனே ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நடுவில் கோடு கிழித்தாற்போல எல்லையும் இருக்காது, இரண்டும் கலந்த ஒரு படை இருக்கும். என்றாலும் திசை அதுதான். மோட்டருக்கு நேர் கீழே எல்லை கூம்புபோல மேலெழும்பும். இதைச் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, கழுவிய மணலை முக்கால்வாசிக்கு நிரப்புங்கள். கறியுப்பை நன்றாகக் கரைத்து, உடுப்புக்குப் போடுகிற நீலம் கொஞ்சம் சேர்த்து, ஒரு உறிஞ்சுகுழாயைப் போத்தலின் அடிவரை விட்டு அதன் வழியே மெல்ல ஊற்றுங்கள், அரைவாசி மணல் நீலமாகட்டும். பிறகு மேலாக வெறும் தண்ணீரைத் துளித் துளியாக விடுங்கள். அது நீலத்தின் மேல் தெளிவாக நிற்கும். இப்போது இன்னொரு உறிஞ்சுகுழாயின் நுனியைத் துணியால் கட்டி, தெளிந்த நீருக்குள், போத்தலின் சுவரோரமாக வைத்து இழுங்கள். மெல்ல இழுத்தால் நிறைய நேரம் தெளிவே வரும். வேகமாக இழுத்தால் நீலம் ஒரு கொம்புபோல நிமிர்ந்து குழாயின் வாயைத் தேடி வருவது கண்ணால் தெரியும். இழுப்பை நிறுத்துங்கள், கொம்பு உடனே படுத்துவிடாது. ஏறியதைவிட இறங்க அதிக நேரம் எடுக்கும். உங்கள் வெங்காயத்தின் கதை முழுவதும் அந்தப் போத்தலுக்குள் இருக்கிறது.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் கெடும்? கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம். குடிநீருக்கான எல்லை 250. நூறு வாளி நன்னீருக்கு இரண்டு வாளி கடல்நீர் போதும், எல்லையைத் தாண்டிவிடும். வெங்காயம் உப்புக்கு மிகப் பயந்த பயிர், அதனால்தான் அது முதலில் சொன்னது. புகையிலைக்குக் குளோரைட்டு கூடினால் இலை நின்று எரியாது. பீற்றூட் ஓரளவுக்குத் தாங்கும்.

சரி, பெரியம்மாவின் கிணறு ஏன் கெடவில்லை? நாற்பது அடிதானே. இங்கேதான் என்னுடைய சொந்த வேலை வருகிறது. மணற் பிரதேசமாக இருந்தால் இரண்டு கிணறும் ஒன்றாகக் கெடும், ஒன்றாகத் திருந்தும். கல்லில் அப்படியில்லை. கல்லில் எத்தனை துளை இருக்கிறது என்பதைவிட, எந்தத் துளை எதோடு தொடுத்திருக்கிறது என்பதுதான் விதியை எழுதுகிறது. இதற்கென்றே ஒரு கணிதம் உண்டு. 1957-இல் சைமன் புரோட்பென்ற், ஜோன் ஹாமர்ஸ்லி என்ற இருவர் தொடங்கிவைத்தது. நச்சுவாயு முகமூடிக்குள் வைக்கிற கரித்துண்டின் நுண்துளைகளுக்குள் வாயு எப்படிப் போகும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அது.

மகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கணிதச் சதுரக் கொப்பியில் முப்பதுக்கு முப்பது சதுரம் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் லூடோக் கட்டையை உருட்டி, 1, 2, 3 விழுந்தால் நிறம் தீட்டட்டும், மற்றவை வெறுமை. பாதிச் சதுரங்கள் நிறமாகும். பக்கம் தொட்ட நிறச் சதுரங்கள் வழியாக மட்டும் மேலிருந்து கீழே போகமுடியுமா என்று விரலால் தேடட்டும், பெரும்பாலும் முடியாது. இன்னொரு தாளில் 4 விழுந்தாலும் நிறம் தீட்டட்டும். இப்போது ஏதாவதொரு பாதை திறந்துவிடும். இடையில், நூற்றுக்கு 59 சொச்சத்தில், ஒரு வாசல் இருக்கிறது. அதற்குக் கீழே தனித்தனித் தீவுகள், அதற்கு மேலே ஒரே சமுத்திரம். ஒரு கல்லில் துளை மெல்லக் கூடிக்கொண்டு வந்தாலும், அது நீர் கடத்தும் குணம் மெல்லக் கூடுவதில்லை, அந்த வாசலில் வைத்துத் திடீரென்று பிறக்கிறது. நான் மணிக்கணக்காகக் கணினியில் செய்வது இந்தக் கொப்பி வேலையின் பெரிய வடிவந்தான், சதுரங்கள் கோடிக்கணக்கில் இருக்கும், நிறம் தீட்டுவதைக் கல்லின் ஊடுகதிர்ப் படம் சொல்லித்தரும்.

உங்கள் இரண்டு கிணறுகளையும் அந்தத் தாளில் வையுங்கள். உங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் நிலைக்குத்தான ஒரு வெடிப்பில் திறந்திருக்கக்கூடும். அந்த வெடிப்பு கீழே கலப்புப் படையைத் தொடுகிறது. மோட்டர் இழுத்ததும் அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு உப்பு அதன் வழியே ஏறுகிறது. பெரியம்மாவின் கிணறு படுக்கையாகக் கிடக்கும் ஒரு படையிலிருந்து ஊறுகிறது போலும். கீழுள்ள உப்பு அவருக்கு மயிரிழைகள் வழியாகத்தான் வரவேண்டும். இதோடு இன்னொன்றையும் யோசியுங்கள்: அவர் வாளியால் அள்ளுகிறார், நீங்கள் மோட்டரால் இழுக்கிறீர்கள். அவருடைய கிணற்றிலும் இரண்டு குதிரைவலுவை வைத்தால் அது இப்படியே இருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

எங்கள் அம்மம்மா வீட்டில் துலா இருந்தது. விடியப்புறம் இரண்டு பேர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, நான் பாத்தியில் நின்று வாய்க்காலை மாறித் திருப்புவேன். பட்டை மேலே வந்து கவிழும்போது ஒருமுறை தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம், பிறகு துலா இறங்கும்வரை ஒரு அமைதி. கிணறு அந்த இடைவெளியில் ஊறியது. மிதிப்பவர்கள் களைத்து இறங்கிச் சோற்றைக் கரைத்துக் குடிக்கும் நேரத்தில் இன்னும் ஊறியது. அந்த வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்லவில்லை. துலா மிதித்தவர்களின் முழங்கால் பட்டபாட்டை நான் கண்டவன். ஆனால் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு வராது, அதனால் அந்தக் காவலை நாங்கள்தான் கையால் வைக்கவேண்டும். இலங்கையில் பிறந்து, அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முருகேசு சிவபாலன் என்ற பேராசிரியர் 2012-இல் இரண்டு தோழர்களோடு சேர்ந்து நீரையும் மனிதரையும் ஒரே ஆய்வாகப் பார்க்கவேண்டும் என்று ஒரு புதுத் துறைக்கே பெயர் வைத்தார். நீர் மனிதனை மாற்றுகிறது, மாறிய மனிதன் நீரை மாற்றுகிறான் என்ற சுற்றை அது பிடிக்கிறது. துலாவிலிருந்து மோட்டருக்கு வந்த எங்கள் தோட்டங்கள் அதற்கு நல்ல பாடப்புத்தகம்.

இனி செய்யவேண்டியது. குழாய் இறக்காதீர்கள் என்றேன். கிணற்றின் அடியில் முன்பே யாராவது துளை போட்டிருந்தால் அதைக் களிமண்ணும் சீமெந்தும் வைத்து அடைத்துவிடுங்கள். மோட்டரின் உறிஞ்சு குழாய் இப்போது கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், எல்லோரும் அப்படித்தான் விடுகிறோம். அதை மேலே எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் கான் இரண்டைக் கட்டி மிதக்கவிட்டு, குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஓரடி ஒன்றரை அடி கீழே தொங்கும்படி செய்யுங்கள். மட்டம் இறங்க அதுவும் இறங்கும், அடியிலுள்ள பாரமான நீரைத் தொடாது. இரண்டு குதிரைவலுவுக்குப் பதில் அரைக் குதிரைவலு போதும். மூன்று மணித்தியாலத்தில் இழுக்கும் நீரை நாள் முழுவதும் விட்டு விட்டு இழுங்கள், ஒரு தொட்டியில் சேர்த்து, தூவல் முறையில் பாய்ச்சுங்கள். வாய்க்காலில் பாய்ச்சும்போது செம்மண் குடிக்கிற நீர் பயிருக்குப் போகாமல் திரும்பக் கீழே இறங்கும், போகும்போது நீங்கள் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு.

அந்த யூரியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. மண்துணிக்கைகள் எதிர் மின்னேற்றம் உள்ளவை. யூரியா மாறி உண்டாகும் நைத்திரேற்றும் எதிர் மின்னேற்றம் உள்ளது. இரண்டும் ஒட்டாது. ஆகவே மண் அதை வடிகட்டி நிறுத்தாது, நீர் போன இடமெல்லாம் அது போகும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980-களிலேயே அளந்து எழுதினார்கள். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தி குறைந்து உடம்பு நீலம்பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். உங்கள் வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், ருசியை நம்பாமல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நல்ல தண்ணீர் என்று நாக்கு சொல்லும் கிணற்றிலும் இது இருக்கலாம். கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி இடைவெளி என்று அளந்து வைக்கிறோமே, அந்த அளவு மணலுக்குச் சரி. கல்லில், ஒரே வெடிப்பில் இரண்டும் இருந்தால் நூறடியும் காப்பாற்றாது.

யூரியாவைப்போல எண்ணெயும் இந்தக் கல்லுக்குள் இறங்கும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் வந்ததை எல்லோரும் அறிவீர்கள். அனல்மின் நிலையத்திலிருந்து வந்த மாசு பற்றிய வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எண்ணெய் நீரைவிட மெல்லியது, மட்டத்தின்மேல் மிதக்கும். மாரியில் மட்டம் ஏறும்போது தானும் ஏறி, கோடையில் இறங்கும்போது இறங்கி, போகிற வழியெல்லாம் கல்லின் நுண்துளைகளில் ஒரு பூச்சைப் பூசிவிட்டுப் போகும். அந்தத் துளைகளில் பரப்பிழுவிசை எண்ணெயைத் துளித்துளியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். எவ்வளவு இறைத்தாலும் அது முழுவதும் வராது, ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கல்லுக்குள் ஒன்றைக் கொட்டுவது ஒரு நாள் வேலை. எடுப்பது ஒரு தலைமுறை வேலை.

மாரி வெள்ளத்தைக் கிணற்றுக்குள் திருப்பிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூரைத் தண்ணீர் என்றால், முதல் இரண்டு மழையைக் கழியவிட்டு, மணல் கரி வடியில் வடித்து விடலாம். தோட்டத்து வெள்ளத்தை விடவே வேண்டாம். அதை மண் வடிகட்டும் முன்னே நேராக ஊற்றுக்கண்ணுக்கு அனுப்புகிறீர்கள். தோட்டத்து வெள்ளத்துக்கு இடம் குளம். ஊரில் தூர்ந்துபோன குளங்களைத் தூர்வாரினால் நீர் அங்கே நின்று, மண்ணுக்குள் மெல்ல இறங்கி, வடிந்து வரும். பெரிய அளவில் இதே எண்ணத்தைத்தான் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950-களில் யாழ்ப்பாணத்துக்கான ஆறு என்ற திட்டமாக வரைந்தார். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டும் மழைநீரை அணைகட்டி மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுபோய், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலை வெளியே நிறுத்துவது அவர் கருத்து. உங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே கிடக்கும் உப்பாறு உவர் குறைந்து நின்றால், உங்கள் கல்லுக்குள் அந்தப் பக்கமாக வரும் உப்பும் பின்வாங்கும். கடலை நன்னீராக்கும் நிலையம் தாழையடியில் 2024-இல் திறக்கப்பட்டது. அது குடிக்க உதவும், தோட்டம் இறைக்க உதவாது.

கடைசியாக மகளுக்கு ஒரு வேலை. சந்தையில் பேனா அளவில் மின்கடத்துதிறன் மானி கிடைக்கிறது. உப்புக் கூடக் கூட எண் கூடும். ஒரு கயிற்றில் அடிக்கணக்குக்கு முடிச்சுப் போட்டு, அடியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி, இரண்டு கிணற்றிலும் நீர்மட்டத்தை அளக்கட்டும். ஞாயிறுதோறும் விடிய, மோட்டர் போடமுன் ஒருமுறை, இறைத்து முடிந்ததும் ஒருமுறை. மூடியில் நூல் கட்டிய போத்தலை அடிவரை இறக்கி அங்கே நூலை இழுத்துத் திறந்து, அடித்தண்ணீரையும் எடுத்து மானியில் பார்க்கட்டும். திகதி, நேரம், மட்டம், மேல்நீரின் எண், அடிநீரின் எண், அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் மோட்டர் ஓடியது, மழை பெய்ததா: ஏழு நிரல்தான். உங்கள் கிணற்றில் மோட்டர் ஓடும்போது பெரியம்மாவின் கிணற்றுக் கயிற்றில் ஈரம் எத்தனை விரல் இறங்குகிறது என்று ஒருநாள் முழுக்க இருந்து பார்த்தால், இரண்டு கிணறும் கீழே தொடுத்திருக்கின்றனவா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். கார்த்திகை வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை கழித்து அந்தக் கொப்பியை எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த வெடிப்பால் உப்பு வருகிறது என்று மூவரும் சேர்ந்து பார்ப்போம்.